ஜெனீவா போகாத குருசாமிக்கு

என் குருசாமிக்கு,

நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான் என்பது பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. விருதுநகருக்கும் திருத்தங்கலுக்கும் நடுவில் கடிதம் போடுகிற தூரமா இருந்தது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நீயே வந்துவிடுவாய்.

கல்லூரியில் அரசியல் துறைப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். அங்கே நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன், உன்னோடு படித்தவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே உன்னை 'அன்னார்' என்று எழுத வேண்டி வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. ஆகவே உனக்கே எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

கேட்க வந்தவர்களில் ஒரு மாணவி மட்டும் லேசில் எழுந்திருக்கவில்லை. "ஐயா, அவுக ஜெனீவாவுக்குப் படிக்கப் போறதா இருந்தாகளாமே, ஏன் போகல?" என்றாள்.

"பாஸ்போர்ட் காலத்துல வரலம்மா."

"ஏன் வரல?"

நான் அவளுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்ளாவிட்டால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன். ஆகவே இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியவை:

1. பட்டாசுக் காகிதத்தில் நீ உலக அரசியல் படித்த விதம்.
2. நீ ஜெனீவா போக முடியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது.
3. எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் அப்படி ஆயிற்று என்பது.
4. அதற்குப் பிறகு நீ பார்த்த வேலை.
5. பாக்கியம் போன வாரம் என்னிடம் சொன்னது.

முதல் விஷயம் சுலபம். அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புக்கூட வருகிறது.

ஐம்பத்தேழாம் வருஷம். நாம் இருவரும் பி.ஏ. வகுப்பு, விடுதியில் ஒரே அறை. உன் அப்பா சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிக்குழாய் சுருட்டுவதற்காகத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பழைய பேப்பர் கட்டுக் கட்டாக லாரியில் வரும். பல நாட்டுப் பத்திரிகைகள், படித்து முடித்து எடைக்குப் போட்டவை. சனிக்கிழமை ஆனால் நீ ஊருக்குக் கிளம்பிவிடுவாய். வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறாய் என்று விடுதியில் நினைத்தார்கள். நீ போனது அந்தக் கட்டுகளைப் பிரிக்க.

கல்லூரிக்கு வந்த ஒரே ஆங்கிலப் பத்திரிகையை ஆசிரியர்கள் படித்து முடித்து, அது நம் கைக்கு வரும்போது பாதிப் பக்கம் இருக்காது. உனக்கோ கெய்ரோவும் லண்டனும் புடாபெஸ்டும் லாரியில் வந்து இறங்கின. என்ன, கொஞ்சம் தாமதம். சூயஸ் கால்வாய்ச் சண்டை ஓய்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் சிவகாசியில் ஆரம்பித்தது. அதுவும் தேதி வரிசையில் வராது. ஒரு கட்டில் படைகள் திரும்பிப் போகும். அடுத்த கட்டில்தான் வந்து இறங்கும்.

ஒருமுறை என்னையும் கூட்டிப் போனாய். நான் கம்பெனி கேட்டுக்கு உள்ளே வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். காகிதக் கொட்டகை வாசலில் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த முத்தம்மா அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "என்ன தம்பி, மல்லாங்கெணத்துக்காரக உள்ள வரமாட்டீகளோ? இங்கன வெறும் காயிதந்தான் இருக்கு, கடிக்காது" என்றாள். மல்லாங்கிணறு என் ஊர் என்று நீதான் சொல்லியிருப்பாய். கூட இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தில் உள்ளே வந்தேன்.

நீ இங்கிலாந்து மகாராணி படம் போட்ட ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாய்.

"ஏலே காலேசு, அந்த மகாராணிய இங்கன குடுலே. சுருட்டணும்."

"அக்கா, ரெண்டே நிமிசம். பின்பக்கத்துல ஒரு நாட்டுக்கு சுதந்திரம் வந்திருக்கு."

"வரட்டும். வெடிக்குள்ள போயும் வரட்டும். எனக்கு இன்னைக்கு உருப்படி குறையுதுல்ல?"

அந்த நாடு கானா. முத்தம்மா அக்கா மகாராணி இருந்த மேல்பகுதியை நீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டாள். கானாவின் முக்கால்வாசி உனக்குக் கிடைத்தது.

நீ அப்படித்தான் படித்தாய். பாதித் தாள் கிடைத்தால் மீதியில் என்ன இருந்திருக்கும் என்று மூன்று விதமாக எழுதி வைப்பாய். எப்போதாவது வேறொரு கட்டில் அதே செய்தி முழுதாக வரும். நீ எழுதிய மூன்றும் தப்பு என்று தெரிந்தால்தான் உனக்குச் சந்தோஷம். "பார்த்தியா மாப்ளே, நான் நினைச்சதுக்கும் நடந்ததுக்கும் நடுவுல எம்புட்டு கெடக்கு!" என்று எண்ணெய்ப் புரோட்டா வாங்கிக் கொடுப்பாய். சரியாக எழுதிய நாட்களில் எனக்குப் புரோட்டா இல்லை.

அறைக்கு நீ கொண்டுவந்த தாள்கள் கட்டிலுக்கு அடியில் குவிந்தன. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நோட்டு வாங்கி நான்கு கட்டம் போட்டேன்: நாடு, மொழி, தேதி, பொருள். ஒவ்வொரு தாளுக்கும் எண் கொடுத்தேன். முந்நூற்றுப் பதினாறு தாள். ரஷியா, ஹங்கேரி, அல்ஜீரியா, எகிப்து என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் பக்கம். பிற்பாடு நூலகத்தில் எத்தனையோ பதிவேடு எழுதினேன். அந்த நோட்டைப் போல ஒன்று அமையவில்லை. நீ தாளைத் தேடும்போது நான் எண்ணைச் சொல்வேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வாழ்க்கையில் அப்போதுதான் முதலில் வந்தது.

அந்தத் தாள்களை வைத்துத்தான் நீ கட்டுரை எழுதினாய். ஒரே சம்பவத்தைப் பெரிய நாட்டுப் பத்திரிகையும் சின்ன நாட்டுப் பத்திரிகையும் எப்படிச் சொல்கின்றன என்று. புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற நாடுகளின் மாணவர்களுக்கு ஜெனீவாவில் சர்வதேச அரசியல் படிக்க உபகாரச் சம்பளத்தோடு இடம் கொடுத்தார்கள். உனக்குக் கிடைத்தது. விடுதியே உன்னைத் தூக்கிக்கொண்டு சுற்றியது. உன் அப்பா கம்பெனியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். முத்தம்மா அக்கா, "நான் கிழிக்காம விட்டதுலதான பாஸ் பண்ணுன?" என்று கேட்டாளாம்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய். இனி இரண்டாவது விஷயம்.

அதற்கான விசாரணைக்குப் போலீஸ் ஏட்டையா வந்தது ஒரு மத்தியானம். நீ சிவகாசி போயிருந்தாய். விடுதி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டார். நல்ல மாதிரியான மனிதர். எனக்குக் காக்கிச் சட்டையைப் பார்த்தாலே கால் நடுங்கும். அவர் அதைக் கவனித்து, உட்காரச் சொன்னார்.

"குருசாமிங்கிறது ஒங்க ரூம்தானா தம்பி?"

"ஆமாங்க."

"வெளிநாடு போறாகளாம்ல. ஆளு எப்படி, சேர்க்கையெல்லாம் சரியா?"

"நல்லவன்ங்க."

"கட்சி கிட்சி?"

"அதெல்லாம் இல்லீங்க."

"வெளிநாட்டுப் பேப்பர், புஸ்தகம் ஏதாச்சும் வச்சிருக்காகளா?"

"இருக்குங்க."

"எம்புட்டு இருக்கும்?"

நான் அறைக்குப் போய் நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அடேயப்பா! ரஷியா... ஹங்கேரி... இதென்ன, அல்ஜீரியாவா? நான் பரமக்குடிக்கு அங்கிட்டு போனதில்ல தம்பி" என்றார். பிறகு நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இத நான் கொண்டு போறேன். எனக்கு எழுதுற வேலை மிச்சம்."

அந்தக் காலத்தில் ரஷியா என்ற சொல் ஒரு ரிப்போர்ட்டில் வந்தாலே போதும். உன் பாஸ்போர்ட் விண்ணப்பம் மேல்விசாரணைக்குப் போயிற்று. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஜெனீவாவிலிருந்து தந்தி வந்தது: வகுப்புத் தொடங்கிவிட்டது, இடத்தை இனியும் வைத்திருக்க இயலாது. தபாலாபீஸ் படியில் நின்று அதை இரண்டு தரம் படித்தாய். மூன்றாவது தரம் படிப்பாய் என்று நினைத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வா மாப்ளே, பசிக்குது" என்றாய்.

அன்று சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை. நான் சாப்பிட்டேன். அது நினைவிருக்கிறது.

மூன்றாவது விஷயத்துக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. கேட்டார், சொன்னேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பொய் வராது. வாத்தியார் கேட்டால் உள்ளதைச் சொல்லி அடி வாங்கியவன். அந்தச் சுபாவம் உன் காலில் கட்டையாக விழுந்தது. இத்தனை வருஷமும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நான்காவது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கச் சேர்ந்தாய். காலண்டரும் டயரியும் அடிக்கிற அச்சகம். டயரியின் முன்பக்கங்களில் 'உலக நாடுகளும் தலைநகரங்களும்' என்று ஒரு பக்கம் வரும். யாரும் படிக்காத பக்கம். அதைத் திருத்துகிற வேலையை நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டாய்.

அறுபதாம் வருஷக் கடைசியில், அடுத்த வருஷ டயரிக்குப் பக்கம் கட்டும்போது, ஆப்பிரிக்காவில் அந்த ஒரு வருஷத்திலேயே பதினேழு நாடுகள் கூடியிருந்தன. முதலாளி புரூப்பைத் தூக்கிக்கொண்டு உன் மேஜைக்கே வந்தாராம். நீ நடித்துக் காட்டியதை நான் மறக்கவில்லை.

"என்னய்யா குருசாமி, வருசா வருசம் நாடு பொறந்துக்கிட்டே இருந்தா ஒரு பக்கத்துல எப்படிய்யா அடிக்கிறது? சின்னச் சின்னதா இருக்கிறத எடுத்திரு. நம்ம டயரிய அங்கன எவன் வாங்கப் போறான்?"

"போன சுத்துல நம்மளையும் எவனோ ஒருத்தன் இப்படித்தான் எடுத்துருன்னு சொல்லியிருப்பான் முதலாளி."

"அப்ப எழுத்தைச் சின்னதாக்கு."

"ஆக்கிட்டேன்."

"இன்னும் ஆக்குய்யா. கண்ணாடி போட்டுப் பார்க்கட்டும்."

பட்டியலிலிருந்து ஒரு நாட்டைக்கூட நீ எடுக்கவில்லை. மாறாக, சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு வருஷமும் அந்தப் புரூப்பை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்தாய். நீ படிக்க, நான் நூலகத்தில் குறித்து வைத்ததோடு ஒப்பிட்டுச் சரி சொல்வேன். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் புரூப் இல்லாமலும் வந்தாய். அறுபத்தொன்றில் பாக்கியத்தைக் கல்யாணம் செய்துகொண்ட பின்னும் வந்தாய். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் மத்தியானச் சாப்பாட்டைப் பாக்கியம் தூக்குவாளியில் கொடுத்துவிடுவாள். அவள் என்னை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்ததும், "இனிமே நீ மாப்ளே இல்லடா, மச்சான்" என்று என்னை முறைமாற்றிவிட்டாய்.

கல்லூரிப் பிள்ளைகள் வருஷம் ஒருமுறை உன்னைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். ஜெனீவா போய்ப் படித்து வந்தவர்கள்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்று சொல்ல வந்தேன். வேண்டாம். அப்படிச் சொன்னால் நீ போகாததே நல்லது என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும். நீ போயிருக்க வேண்டும், குருசாமி. முழுத்தாளாகப் படித்திருக்க வேண்டும்.

இப்போது ஐந்தாவது.

மலரில் போட உன் படம் கேட்டுப் போன வாரம் திருத்தங்கல் போனேன். நீ இல்லாத வீட்டுக்கு நான் தனியாகப் பஸ் ஏறிப் போவது அதுவே முதல் தடவை. எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று கண்டக்டரிடம் கேட்டேன். எப்போதும் நீதானே வந்தாய். நான் எங்கே வந்தேன்?

பாக்கியம் பீரோவிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். "அவுக தனியா இருக்கிற படம் இது ஒண்ணுதாண்ணே. பாஸ்போட்டுக்கு எடுத்ததாம்" என்றாள்.

நான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவளே தொடங்கினாள்.

"அண்ணே, நீங்க அதையே நினைச்சு வேகாதீக. அவுகளுக்குத் தெரியும்."

"எது பாக்கியம்?"

"ஏட்டையாகிட்ட நீங்க நோட்டு குடுத்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசத்துல அந்த ஏட்டையா மக கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க பிரஸ்ஸுக்கு வந்திருக்காக. இவுக பேரைக் கேட்டதும் அவருக்கு அடையாளம் தெரிஞ்சு போச்சு. 'அந்த நோட்டு எழுதுன தம்பி எப்படி இருக்காக, என்ன கையெழுத்து!'ன்னு கேட்டாகளாம்."

"குருசாமி என்ன சொன்னான்?"

"வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாக. எனக்குன்னா ஆத்திரம் வந்துச்சு, ஒளிச்சு என்ன. இனிமே அந்த ஆளுக்கு நான் சோறு குடுத்துவிடமாட்டேன்னேன். அவுகதான் சொன்னாக: 'அவனுக்குப் பொய் சொல்ல வராது பாக்கியம். கேட்டாக, சொல்லிட்டான். அவன் மேல தப்பில்ல. இதப் பத்தி நீ அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுறாத, கூசிப் போவான்'னாக. அதோட நானும் விட்டுட்டேன்."

அப்படியானால் அறுபத்து மூன்று. அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும். நீயும் வந்திருப்பாய், தூக்குவாளியோடு. அது எந்த ஞாயிறு? அன்று என்ன பேசினோம்? நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயா?

வீட்டுக்கு வந்து எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைக்காமல் சொல்கிறேன். நான் என்னைப் பற்றி என்ன நினைத்தேனோ அதையே நீயும் நினைத்தாய் என்று. இந்தக் கடிதத்தின் வரிசையை அந்த நிம்மதியில்தான் போட்டேன். மூன்றாவது விஷயத்தை உன் வார்த்தையிலேயே எழுதினேன்.

ஆனால் விசாரணையை மேலே எழுதிய இடத்துக்குத் திரும்பிப் போனேன். நான் அதை முழுசாக எழுதவில்லை. நோட்டைக் கக்கத்தில் வைத்த பிறகு ஏட்டையா இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்.

"நீங்களும் இதெல்லாம் படிப்பீகளோ தம்பி?"

"இல்லீங்க. எனக்கு இங்கிலீஷ் பேப்பரே அம்புட்டா ஓடாதுங்க."

"இம்புட்டுப் பேப்பர் அந்தத் தம்பிக்கு எங்கன இருந்து வருது?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? கால்நடுக்கம்கூட நின்றுவிட்டது. அவர் இந்த வட்டாரத்து ஆள். 'பட்டாசுக் கம்பெனிக் கட்டுல வந்ததுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பார். அந்த வார்த்தை என் வாயில் இருந்தது. நான் சொல்லவில்லை. நீ போய்விட்டால் அந்த அறையில் நான் மட்டும் இருப்பேன். நான் எண்ணைச் சொல்லக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். நினைத்தது அவ்வளவுதான். ஒரு வருஷமாவது தள்ளிப் போகட்டும் என்று நினைத்தேன். ஒரேயடியாக நின்றுபோகும் என்று நினைக்கவில்லை. இதையும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேனோ, தெரியவில்லை.

இன்னொன்று. சிவகாசியிலிருந்து திரும்பி வந்து, "நோட்டு எங்க மாப்ளே?" என்று நீ கேட்டாய். பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றேன். நீ மறுநாள் பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்துவிட்டு வந்தாய்.

ஆகவே ஏட்டையா அச்சகத்துக்கு வந்து அந்த நோட்டைப் பற்றிப் பேசிய நிமிஷத்திலேயே எனக்குப் பொய் சொல்ல வரும் என்று உனக்குத் தெரிந்துபோயிற்று. அது தெரிந்தும்தான் அன்று வீட்டுக்குப் போய்ப் பாக்கியத்திடம் அப்படிச் சொன்னாய். நம் இருவரில் பொய் சொல்லத் தெரியாதவன் எவன், குருசாமி? எனக்குச் சோறு நிற்கக் கூடாது என்று நீயும் ஒன்று சொன்னாயே.

மலர் அச்சாகி வருவதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் திருத்தங்கல் போவேன். விட்டுப்போன இரண்டு கேள்வியையும் பதிலையும் பஸ்ஸில் விட்டதாகச் சொன்ன நோட்டையும் பாக்கியத்திடம் சொல்வேன். அவள் என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேட்பேன். காபி கேட்டுப் பேச்சை மாற்ற மாட்டேன். இது உனக்கு என் வாக்கு. அந்த மாணவிக்கும் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

மேலே வரிசையில் மூன்றாவதாக எழுதியது தவறு. அதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். அடித்தால் எழுதவே இல்லை என்று ஆகிவிடும்.

பாக்கியம் இன்னும் அண்ணன் என்று கூப்பிட்டால்,
உன் மச்சான்,
மாரிமுத்து
விருதுநகர்